இருக்கையை மாற்றும் முன் தரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அம்பாசடர் கார்களைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். முன்பக்கத்து நீளச் சீட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கெட் சீட் (ஒருவர் மட்டும் உட்காரும் தனிச் சீட்டு) போட்ட காரின் படத்தைப் பெரிதாக வெளியிட்டிருந்தீர்கள். சிவப்பு ரெக்சினும் வெள்ளை நூல் தையலும் பார்க்க அழகாகவே இருந்தன. ஆனால் அந்தச் சீட்டுகளை எதன்மேல், எப்படி முடுக்கினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. விடுபட்டுப்போன அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி பாலக்கரையில் கார் குஷன் பட்டறை நடத்துகிறேன். அப்பா தொடங்கிய கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டின் ஓரத்தில் வரும் பைப்பிங் தைத்துப் பழகியவள் நான். அம்பாசடர், பத்மினி, ஜீப், மெட்டடோர் என்று சீட்டுகளை அவிழ்த்துக் கட்டியே வளர்ந்தேன். இப்போது என் கடைக்கு வரும் பழைய கார்க்காரர்களில் பெரும்பாலானவர்கள் கேட்பது ஒன்றுதான்: “முன்னால் பக்கெட் சீட் போட்டுக் கொடுங்கள்.” தங்கள் கட்டுரை வந்த பிறகு கேட்பவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள். அவர்களில் பலர் அந்தப் படத்தைக் கத்தரித்துக் கையோடு கொண்டுவருகிறார்கள்.

நீளச் சீட்டை நான் குறைத்துப் பேசமாட்டேன். அதை ஒருமுறை அவிழ்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு வேலை அதற்குள் இருக்கிறது என்று. அடியில் இரும்புச் சட்டம். அதன்மேல் வரிசை வரிசையாகச் சுருள் ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கு மேல் சாக்கு, சாக்குக்கு மேல் தேங்காய் நார், அதற்கு மேல் பஞ்சோ ஃபோமோ, கடைசியாக ரெக்சின். ஸ்பிரிங்குகளை ஒன்றோடொன்று இழுத்துக் கட்டும் முடிச்சில் ஒன்று தளர்ந்தாலும் சீட்டு ஒரு பக்கம் சாயும். கியர் கம்பி ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்ததால் நடுவில் எதுவும் குறுக்கிடாது. கல்யாண வீட்டுக் கூட்டம் மொத்தமும் ஒரே காரில் அடங்கியது அந்தச் சீட்டின் புண்ணியத்தால்தான்.

ஆனாலும் மாற்ற வேண்டும் என்று வருகிறவர்களிடம் நியாயம் இருக்கிறது. நீளச் சீட்டு நகர்ந்தால் மொத்தமாகத்தான் நகரும். என்னைப் போல ஐந்தடி உயரம் உள்ள பெண் ஓட்ட வேண்டுமானால் சீட்டை முழுக்க முன்னால் இழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் ஆறடி ஆள் உட்கார்ந்தால் அவர் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். வழவழப்பான ரெக்சினில் வளைவு திரும்பும்போது உடம்பு பக்கவாட்டில் வழுக்கும். அப்போது ஓட்டுநர் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கித்தான் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். காரைத் திருப்ப வேண்டிய கை, உடம்பைத் தாங்கிக்கொண்டிருக்கும். முதுகுச் சாய்வோ தோள்பட்டைக்குக் கீழேயே முடிந்துவிடும். தலைக்குப் பின்னால் எதுவும் கிடையாது. பின்னால் ஒரு வண்டி இடித்தால் கழுத்து பின்னோக்கி மடங்கும். முன்சீட்டில் மூன்று பேரை உட்கார வைப்பதும் சரியல்ல. ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாக யாரையும் உட்கார வைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 125ஆவது பிரிவு சொல்கிறது. நடுவில் குழந்தையை உட்கார வைத்துப் போவதை இன்றைக்கும் சில வீடுகளில் பார்க்கிறேன். எதிரே இருப்பது இரும்பு டேஷ்போர்டு. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

தனித்தனிச் சீட்டு நம் ஊர்ப் பழைய கார்களுக்கு அந்நியமும் இல்லை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் 1960களிலேயே முன்னால் தனித்தனிச் சீட்டுகள்தான். அம்பாசடரிலும் 1992இல் இசுசு எஞ்சின் பொருத்திய 1800 ஐ.எஸ்.இசட். மாடல் வந்தபோது தொழிற்சாலையே பக்கெட் சீட்டைக் கொடுத்தது. ஐந்து கியர், தரையில் கியர் கம்பி, 75 குதிரைத்திறன் என்று எல்லாம் மாறின. வெளிக்கூடு மட்டும் பெரும்பாலும் பழையதுதான். ஆகவே அம்பாசடரில் பக்கெட் சீட் போடுவதே பாவம் என்று வாதாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தொழிற்சாலை செய்த வேலைக்கும் தெருவோரப் பட்டறை அரை நாளில் செய்துமுடிக்கும் வேலைக்கும் உள்ள தூரம்தான் என் கவலை.

அம்பாசடருக்குத் தனியாகச் சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து வந்த ஒற்றைக் கூட்டுக் கட்டுமானம் அது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டு வரம்பு, நடுவில் ஓடும் மேடு எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. நீளச் சீட்டின் ரெயில்கள் எங்கே இறங்க வேண்டும் என்பது தொழிற்சாலை தீர்மானித்த இடம். இரண்டு பக்கெட் சீட் போடும்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரெயில் வேண்டும். வெளிப்பக்கத்து ரெயிலைப் பழைய துளையில் எப்படியாவது உட்கார வைத்துவிடலாம். உள்பக்கத்து ரெயில், நடுமேட்டுக்குப் பக்கத்தில், இதுவரை எந்தப் பாரமும் தாங்கிப் பழகாத வெறும் தகட்டில் இறங்கும். அதுவும் நாற்பது, ஐம்பது வருட மழைத் தண்ணீரை ரப்பர் விரிப்புக்கு அடியில் குடித்த தகடு.

அண்மையில் ஒரு வண்டி என்னிடம் வந்தது. வேறொரு ஊரில், வேறொரு கடையில் பக்கெட் சீட் போட்டது. பிரேக் பிடித்தால் ஓட்டுநர் சீட்டு லேசாக முன்னால் தலையாட்டுகிறது, ஃபோமை மாற்றிக் கொடுங்கள் என்றார் வண்டிக்காரர். ஃபோமில் ஒரு குறையும் இல்லை. சீட்டைக் கழற்றி, ரப்பர் விரிப்பைச் சுருட்டிவிட்டு விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். உள்பக்கத்து போல்ட்டைச் சுற்றித் தகடு குழிந்து, துளையிலிருந்து மூன்று பக்கமும் விரிசல் ஓடியிருந்தது. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால் நட்டுக்கு ஒரே ஒரு சின்ன வாஷர், எட்டணாக் காசு அளவுக்கு. அதன் பாதி ஏற்கெனவே தகட்டுக்குள் இறங்கிவிட்டது. விரல் நுனியால் அழுத்தினேன். துருப்பிடித்த தகடு அப்பளம்போல் நொறுங்கி உதிர்ந்தது. அந்த சீட்டின் பெல்ட் கொக்கி எங்கே இருந்தது தெரியுமா? சீட்டின் சட்டத்திலேயே. அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அந்தக் காரில்தான் திண்டுக்கல் வரைக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவரிடம் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, டிங்கரிங் வேலை முடியாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. கீழே குனிந்து பார்த்த பிறகு பேசவில்லை.

அந்தக் கொக்கி விஷயத்தைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். இக்காலத்துக் கார்களின் சீட்டுகளில் பெல்ட்டைச் சொருகும் கொக்கி பெரும்பாலும் சீட்டின் சட்டத்தோடு சேர்ந்தே வருகிறது. அந்தச் சீட்டைக் கொண்டுவந்து பழைய காரில் முடுக்கினால், விபத்தில் ஆளை இழுத்துப் பிடிக்கும் விசையில் பெரும்பங்கு அந்த நான்கு போல்ட்டுகள் வழியாகத் தரைக்கு இறங்கும். ஆளே இல்லாத சீட்டுகூட மோதலில் எவ்வளவு இழுக்கும் என்று பாருங்கள். அமெரிக்க விதியின்படி சீட்டு பொருத்தப்பட்ட இடம் சீட்டின் எடையைப்போல் இருபது மடங்கு விசையை முன்னோக்கித் தாங்க வேண்டும். பதினைந்து கிலோ சீட்டுக்கே முந்நூறு கிலோ. பெல்ட் சீட்டில் மாட்டப்பட்டிருந்தால் அதன் இழுப்பையும் சேர்த்தே தாங்கிக் காட்ட வேண்டும். எட்டணா வாஷர் எதைத் தாங்கும்?

சரியாகச் செய்வது கடினமும் இல்லை, பெரிய செலவும் இல்லை. முதலில் ரப்பர் விரிப்பைக் கழற்றித் தரையைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். துருவேறிய தகட்டை வெட்டியெடுத்து, நல்ல தகடு வைத்து வெல்டு செய்த பிறகுதான் சீட்டைப் பற்றிய பேச்சையே எடுக்க வேண்டும். பக்கவாட்டு வரம்பிலிருந்து நடுமேடு வரை குறுக்கே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக இரும்புச் சதுரக் குழாய் போட்டு, அதன்மேல் சீட் ரெயிலை முடுக்கினால் பாரம் ஒரே இடத்தில் குத்தாமல் பரவும். அந்தக் குழாய்ச் சட்டத்தையே நீளச் சீட்டின் பழைய போல்ட் துளைகளில் உட்காரும்படி செய்துவிட்டால் புதுத் துளைகளும் குறையும். புதிதாகத் துளையிட்டே ஆக வேண்டிய இடத்தில், தகட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு வைக்க வேண்டும். அதன் மூலைகளைக் கட்டாயம் உருட்டிவிட வேண்டும். கூர்மூலை இருந்தால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். போல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 என்ற எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணே இல்லாத போல்ட்டை மேசைக்கும் நாற்காலிக்கும் வைத்துக்கொள்ளலாம். அதிர்வில் கழன்று வராத நைலான் நட்டுப் போடுங்கள். துளையிடுவதற்கு முன் அடியில் பிரேக் குழாயோ பெட்ரோல் குழாயோ ஓடுகிறதா என்று ஒருவர் படுத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் அடித்தகட்டைச் சுற்றி சீலென்ட் பூசாவிட்டால் அடுத்த ஐப்பசி மழையிலேயே துரு ஆரம்பித்துவிடும்.

பெல்ட்டுக்காகவே பக்கெட் சீட் வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1994க்குப் பிறகு வந்த கார்களில் முன்சீட் பெல்ட் தொழிற்சாலையிலிருந்தே வர வேண்டும் என்பது விதி. அதற்கு முந்தைய கார்களில் நாமாகப் போட்டுக்கொள்வது நல்ல காரியம். ஆனால் அதற்குச் சீட்டை மாற்றியே தீர வேண்டியதில்லை. தரையிலும், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையில் உள்ள நடுத்தூணிலும் அடித்தகடு வைத்துப் பலப்படுத்தி, நீளச் சீட்டிலேயே இருபுறமும் பெல்ட் மாட்டலாம். பணம் கொஞ்சமாக இருந்தால் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

சென்னை புதுப்பேட்டையில் உடைத்துப் போட்ட கார்களின் சீட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. நானும் வாங்குகிறேன். அங்கே இரண்டு விஷயங்களைப் பார்த்துத்தான் வாங்குவேன். ஒன்று, ரெயிலின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் நகர்ந்து, ஒரே சத்தத்தோடு பூட்டிக்கொள்கிறதா என்பது. மோதிய வண்டியின் சீட்டென்றால் சட்டம் கண்ணுக்குத் தெரியாமல் முறுக்கியிருக்கும். அப்போது ஒரு பக்கம் பூட்டும், மறுபக்கம் பூட்டாது. இன்னொன்று, சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற பிளக்கோடு ஒயர் தொங்குகிறதா என்பது. தொங்கினால் அந்தச் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கலாம், அல்லது பெல்ட் கொக்கியில், மோதலின்போது பெல்ட்டை இறுக்கும், வெடிமருந்து வைத்த இழுப்பான் இருக்கலாம். வெடிக்காத ஏர்பேக் உள்ள சீட்டைப் பிரித்து ஊசியால் தைப்பது உயிரோடு விளையாடுவது. மஞ்சள் பிளக் கண்ட சீட்டை என் கடைக்குள் விடமாட்டேன், எவ்வளவு மலிவானாலும் சரி. இதைக் குஷன் தொழிலில் இருக்கும் தம்பிமார்களுக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

உயரம் அடுத்த தொல்லை. அம்பாசடரில் ஆள் நாற்காலியில் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்காருவார். ஸ்டீயரிங்கும் பெடல்களும் கண்ணாடியும் அந்த உயரத்துக்காக அமைந்தவை. சீட்டைத் தாழ்த்தினால் பெரிய ஸ்டீயரிங் வளையம் கண்ணை மறைக்கும். உயர்த்தினால் தொடை வளையத்தில் இடிக்கும், வேகத்தடையில் தலை கூரையில் தட்டும். அதனால் பழைய சீட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஓட்டுகிறவரை அதில் உட்கார வைத்து, தரையிலிருந்து இடுப்பு எலும்பு வரையும் கண் மட்டம் வரையும் டேப்பில் அளந்து, கதவின் உள்பக்கத்தில் சாக்கட்டியால் குறித்துக்கொள்வேன். புதுச் சீட்டு அந்தக் குறிக்கு வந்தாக வேண்டும். அதைவிட முக்கியம், சீட்டின் நடுக்கோடும் ஸ்டீயரிங்கின் நடுக்கோடும் ஒன்றாக இருப்பது. நடுமேடு இடிக்கிறது என்று சீட்டைக் கதவுப் பக்கம் இரண்டு விரற்கடை தள்ளி முடுக்கிவிடுகிறார்கள். பார்க்கத் தெரியாது. மதுரை போய்த் திரும்பினால் இடுப்பு சொல்லிவிடும். ஓட்டுநர் முழுவழியும் கோணலாக உட்கார்ந்தே ஓட்டியிருப்பார்.

சட்டத்தைப் பற்றியும் தங்கள் கட்டுரை வாய் திறக்கவில்லை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. ஆர்.சி. புத்தகத்தில் இத்தனை பேர் அமரலாம் என்ற எண்ணிக்கை இருக்கும். முன்னால் ஓர் இடம் குறைந்தால் அந்த எண்ணும் நிஜமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். வேலை தொடங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

ஐம்பது வருடம் தாண்டிய கார் வைத்திருப்பவர்கள் இன்னும் நிதானமாக யோசிக்க வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கெனத் தனி விதிகள் கொண்டுவந்தது. வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி எண் தருகிறார்கள். முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி தன் மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும். சேஸி, வெளிக்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தரைமேட்டை வெட்டித் தரை கியர் வைத்துவிட்டு அந்த எண்ணைக் கேட்க முடியாது. 1970களின் தொடக்கத்தில் வந்த மார்க் டூ வண்டிகளை வெட்ட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பக்கெட் சீட் வேண்டுமானால் நான் சொன்ன குறுக்குச் சட்டத்தில் போடுங்கள். நாளைக்கே கழற்றினாலும் வண்டி பழையபடி நிற்கும். ஸ்டீயரிங் கியரோடும் பக்கெட் சீட் நன்றாகவே பொருந்தும். நடுவில் இருக்கும் வெற்றிடம் அசிங்கமாகத் தெரிகிறதே என்பதற்காக வண்டியின் முதுகெலும்பை அறுப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை இதுபோல ஒரு காரைப் படம்பிடிக்கும்போது, ரப்பர் விரிப்பைத் தூக்கச் சொல்லித் தரையையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். காருக்கு அடியிலும் ஒன்று. வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்த்துத் தங்கள் பட்டறைக்காரரைக் கேள்வி கேட்பார்கள். கேட்டால்தான் நாங்கள் திருந்துவோம். தகுதிச் சான்றுக்கு வண்டியைப் பார்க்கும் பிரேக் இன்ஸ்பெக்டர்கள் லைட்டையும் ஹாரனையும் சோதிப்பதோடு நில்லாமல் முன்சீட்டைப் பிடித்து ஒரு தடவை பலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். ஐ.டி.ஐ.களில் வெல்டிங்கும் கார் மெக்கானிக் வேலையும் கற்றுத்தருகிறார்கள். சீட்டு பொருத்துவதும் பெல்ட் மாட்டுவதும் அந்தப் பாடத்தில் சேர வேண்டும். எங்கள் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் ரெக்சின் வெட்டத் தெரிந்தாலே போதும் என்ற நிலையில் இருக்கிறார்கள். ஒரு குடும்பத்தையே சுமந்துபோகும் சீட்டை அவர்கள் கையில்தான் ஒப்படைக்கிறோம்.

கழற்றிய நீளச் சீட்டை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அந்தச் சட்டமும் ஸ்பிரிங்கும் இனிமேல் கிடைக்காது. ரெயில், போல்ட், ஸ்பேசர் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுச் சட்டத்திலேயே கட்டி வையுங்கள். பாலித்தீன் சுற்ற வேண்டாம். உள்ளே வியர்த்து ஸ்பிரிங் துருப்பிடிக்கும். பழைய பருத்திப் புடவை போதும். குப்புறப் போடாமல் காரில் இருந்தபடியே நேராக, தரையில் படாமல் இரண்டு மரக்கட்டைகள்மேல் வையுங்கள். எலிகளுக்குத் தேங்காய் நார் என்றால் கொள்ளை ஆசை என்பதால் மாதம் ஒருமுறை எடுத்துத் தட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கார் குஷன் பட்டறை, பாலக்கரை,
திருச்சிராப்பள்ளி.